தட்டில் விடுபட்ட ஆறாவது ஆள்

செஞ்சிக்கு மேற்கே ஒரு குன்றின் குகையில் இருந்த சிவப்பு ஓவியத்தை அழித்தவன் நான். மழைநீர் கரைத்துவிட்டது என்று வெகுகாலம் சொல்லிவந்தேன். அது பொய்.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். மனைவி இறந்த பிறகு வீட்டில் பேச ஆளில்லாமல் மாலைகளில் அந்தப் பக்கம் நடப்பேன். அங்கே ஆடு மேய்க்கும் என் வயதுக்காரர் ஒருவர் பழக்கமானார். அவர்தான் ஓவியத்தைக் காட்டினார். கைகோத்து நிற்கும் ஐந்து பேர், ஒவ்வொருவரும் விரல் நீளம். சற்றுத் தள்ளி, ஓர் ஆட்டை முன்னால் விட்டு நடக்கும் சின்ன உருவம். அவருடைய நைனா அவருக்குக் காட்டியதாம். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பம். தன்னிடம் இருப்பது அது ஒன்றுதான் என்பதுபோலக் காட்டுவார். அதன்மேல் தண்ணீர் படக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். தாகம் எடுத்தாலும் குகைக்கு வெளியே வந்துதான் பாட்டிலைத் திறப்பார்.

அவர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த நாளில் நான் தனியாக ஏறினேன். மங்கிய நிறம் ஈரத்தில் துலங்கும் என்று எனக்குத் தெரியும். ஈரத் துணியால் துடைத்தேன். கரும்பலகையில் செய்வதுபோலச் சாக்பீஸால் ஓரம் கட்டி, வட்டத் தட்டுகளில் வரைய நினைத்து மெல்லிய தாளில் படியெடுத்தேன். பாறையின் சொரசொரப்பில் சாக்பீஸ் தங்கிவிட்டது. அதை மறைக்கப் பாறை முழுவதையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். வெள்ளையோடு சிவப்பும் போனது.

திரும்பி வந்தவர் வெறும் பாறையைப் பார்த்துவிட்டு என்னிடம்தான் காரணம் கேட்டார். மழை என்றேன். “நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

படியெடுத்ததை வட்டமான சுடுமண் தட்டுகளில் வரைந்தேன். கோட்டைக்குப் போகும் சாலையில் ஒரு கடைக்காரர் வாங்கி வைத்தார். பல வீடுகளின் ஹாலில் டிவிக்கு மேலே அவை தொங்கின. பாராட்டினார்கள். அந்த ஆட்டுக்காரரை எதிரில் பார்த்தால் மட்டும் நான் வேறு பக்கம் திரும்பி நடந்தேன்.

போன பொங்கலுக்குப் பிறகு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டைத் துண்டால் துடைத்து, நிதானமாக எண்ணினார்.

“அஞ்சு பேருதான் இருக்காங்க. ஆடு ஓட்டிக்கினு வந்தவன் எங்க சார்?”

வட்டத்துக்குள் அடங்கமாட்டான் என்று படியெடுக்கும்போதே அவனை விட்டுவிட்டிருந்தேன். தாளிலும் அவன் இல்லை.

நீங்கள் சொல்லச் சொல்ல வரைகிறேன் என்றேன். ஒரு வாரம் அவர் வாசலில் உட்கார்ந்து வரைந்தேன். தலை இவ்வளவு பெரிதில்லை என்பார். ஆடு திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பார். திருத்தித் திருத்தி நீட்டினேன். கடைசி நாள் தாளை வெகுநேரம் பார்த்தார்.

“வுட்ருங்க சார். நீங்க வரையறவன் எல்லாம் உங்க ஆளாவே இருக்கான்.”

திட்டவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டம்மாவைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். தனக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

கடையில் மிச்சமிருந்த தட்டுகளைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். அவை கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. அவர் இப்போது அடுத்த குன்றில் ஆடு மேய்க்கிறார். நான் மாலையில் குகைக்குப் போகிறேன். தண்ணீர் பாட்டிலைக் கீழேயே வைத்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.