வென்ற வருஷமும் தோற்ற வருஷமும்

ஆண்களின் பலகைக்கு வேண்டிய பட்டியல் ஒரே மத்தியானத்தில் வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். வருஷம், எதிரணி, புள்ளிகள், அணித்தலைவர், பயிற்றுநர் எல்லாம் அதில் இருந்தன. பெண்களின் பலகைக்கு எனக்கு ஏழு மாதம் எடுத்தது. அதில் எழுத இருந்தது மொத்தமே ஒரு வரி.

இந்த வேலைக்குள் நான் வாய் கொடுத்துத்தான் மாட்டினேன். என் மகள் எங்கள் பகுதிக் கூடைப்பந்துக் கழகத்தில் பதினாறு வயதுக்குட்பட்ட அணியில் விளையாடுகிறாள். அங்கே பெற்றோருக்கும் வேலை தருவார்கள். புள்ளி எழுத வேண்டும், இல்லாவிட்டால் கன்ரீனில் நிற்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் கழகத் தலைவர் என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்க்கிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. வரவேற்பு மண்டபத்தில் வென்ற வருஷங்களை எழுதிய இரண்டு சம்பியன் பலகைகள் மாட்டப் போவதாகவும், பெண்களுடையதற்கு ஓர் ஆள் தேவை என்றும் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவர் கேட்டார். "உமக்கு ஏன் இந்த வேலை? கன்ரீன்ல ரெண்டு மணித்தியாலம் நிண்டிட்டு வந்திருக்கலாமே."

"ஒரு வரிதானே. ரெண்டு நாளில முடிஞ்சிடும்."

கழகம் ஒரு காலத்தில் நாட்டின் தொழில்முறைப் பெண்கள் லீக்கில் ஓர் அணியை இறக்கியிருந்தது. இப்போது அந்த அணி இல்லை. தலைவர் தொடக்கத்திலிருந்து கழகத்தில் இருப்பவர். எழுபது வயதைத் தாண்டியும் சனிக்கிழமை தவறாமல் விசிலோடு வருவார். "ஒரே ஒரு முறை சம்பியன் ஆனோம். நான் அங்கேதான் இருந்தேன், எனக்கு நல்ல ஞாபகம்" என்று வருஷத்தையும் சொன்னார். அந்த வருஷத்துக் கழக மலர் ஒன்றையும் ஒரு குழுப்படத்தையும் தூக்கித் தந்தார். மலரில் 'முதலாமிடம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. படத்தில் பத்துப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லீக்கின் சம்பியன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அந்த வருஷத்துக்கு நேரே மெல்பேர்ன் அணி ஒன்றின் பெயர் இருந்தது.

தலைவரிடம் சொன்னேன். "பட்டியல் பிழை" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நான் விடவில்லை. பட்டியலைக் கீழே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டு வருஷம் தள்ளி, சிட்னியின் மேற்குப் பக்கத்து அணி என்று ஒரு பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் ஒரு பெயின்ற் கம்பனியின் பெயர். நான் கேள்விப்பட்டதே இல்லை. அதையும் தலைவரிடம் கேட்டேன். "அது வேறு அணி. வந்தது, போனது. நமக்குச் சம்பந்தமில்லை" என்றார்.

அன்று பின்னேரம் மகளிடம் புலம்பினேன். அவளுக்கு அமெரிக்கப் பெண்கள் லீக்கின் சம்பியன்கள் எல்லோரையும் முதல் வருஷத்திலிருந்து மனப்பாடமாகத் தெரியும். தமிழ்ப் பாடசாலையில் ஆத்திசூடி நாலு வரி சொல்லமாட்டாள்.

"அம்மா, தட்ஸ் நார்மல்," என்றாள். "டீம்ஸ் மூவ், டீம்ஸ் சேஞ்ச் நேம்ஸ். ஃபர்ஸ்ட் நாலு வருஷமும் ஒரே டீம்தான் வின் பண்ணினது. இப்ப அந்த டீமே இல்லை."

"இல்லையெண்டா?"

"குளோஸ்ட். ஃபினிஷ்ட்."

"அப்ப அந்த நாலு கப்பும் ஆரிட்ட?"

தெரியாது என்று தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தபடி யோசித்தேன். ஒரு லீக்கின் முதல் நாலு பட்டங்களையும் வென்றவர்களுக்குப் போய் நிற்க ஒரு கட்டடம் இல்லை. சொந்தம் கொண்டாட ஒரு கழகம் இல்லை. பட்டியலில் நாலு வரி மட்டும் இருக்கிறது. ஆண்களின் பலகையில் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

அடுத்த தொல்லை பெயர்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் பத்துப் பேரின் முதலெழுத்தும் குடும்பப் பெயரும் எழுதியிருந்தது. எல்லாம் கலியாணத்துக்கு முந்திய பெயர்கள். ஆண்களை முப்பது வருஷம் கழித்தும் அதே பெயரில் தேடலாம். இந்தப் பத்துப் பேரில் ஒருத்தியைக்கூட எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. தொலைபேசியில் கூப்பிட்ட மூன்று பேர் தாங்கள் கூடைப்பந்தைத் தொட்டதே இல்லை என்றார்கள். ஒருவர் பல் வைத்தியர். தன்னிடம் வந்தால் பல்லையும் பார்க்கலாம் என்றார்.

இதற்கிடையில் தலைவர் பொறுமை இழந்து, தான் சொன்ன வருஷத்தையே பலகையில் தங்க எழுத்தில் எழுதுவித்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை போனபோது களஞ்சிய அறையில் அது சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. வேலை முடிந்துவிட்டது, நன்றி என்றார். நான்கு மாதம் நான் செய்தது என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

படத்தை என் மேசையில், கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அங்கேதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விஷயம் திரும்பியது.

எங்கள் ஆஸ்பத்திரியில் முறிந்த எலும்புக்குப் பிளாஸ்ரர் போடும் பகுதியில் ஒரு பெண் இருக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், நல்ல உயரம், கதவுக்குள் நுழையும்போது தானாகத் தலையைக் குனிவாள். பதிவுகள் எல்லாம் கணினிக்குப் போய்விட்டாலும் பழைய நோயாளிகளின் தடித்த ஃபைல்கள் இன்னும் கடதாசிதான். அந்த ஃபைல்களை அவள் ஒருநாளும் நேரத்துக்குத் திருப்பித் தந்ததில்லை. பதினொரு வருஷமாக அவளோடு தொலைபேசியில் சண்டை பிடித்திருக்கிறேன். அவள் பெயரைக் கேட்டாலே எனக்குத் தலையிடிக்கும். அன்று காலை ஒரு கட்டு ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியவள், அப்படியே நின்றாள்.

"இந்தப் படம் உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

"என் மகள் விளையாடுகிற கழகத்தில். ஏன்?"

"முன் வரிசையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருப்பது நான்தான்."

படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். தலைமயிர் வேறு, பெயர் வேறு. தாடை மட்டும் அதேதான். மாதக்கணக்காக ஊர் முழுக்கத் தேடிய ஒருத்தி இரண்டு மாடி கீழே பிளாஸ்ரர் குழைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அந்த வருஷம் நீங்கள் சம்பியன், இல்லையா?"

"இல்லை. தோற்றோம்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "அட்டவணையில் முதலாமிடம் வந்தோம். இறுதி ஆட்டத்தில் இரண்டு புள்ளியால் தோற்றோம். கடைசிப் பந்து என் கையில்தான் இருந்தது. எறிந்தேன், விழவில்லை."

"அப்படியென்றால் ஏன் எல்லோரும் சிரிக்கிறீர்கள்?"

"படம் எடுத்தது ஆட்டத்துக்கு முதல் நாள்."

அவள் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்து, தானாகவே சொன்னாள். வென்றது இரண்டு வருஷம் கழித்து. கழகம் அணியை நடத்த முடியாமல் கையை விரித்தபோது ஒரு பெயின்ற் கம்பனி தன் பெயரைப் போட்டு எடுத்து நடத்தியது. சட்டை மாறியது, பெயர் மாறியது. விளையாடியவர்கள் ஏறக்குறைய அதே பெண்கள்தான், அதே மண்டபம்தான், உடைமாற்றும் அறையின் ஒழுகும் குழாயும் அதேதான். அடுத்த வருஷம் கம்பனியும் விட்டுவிட்டது. அணி கலைந்தது.

"சனிக்கிழமை வென்றோம்," என்றாள். "திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் இங்கே வேலைக்கு வந்தேன். தொழில்முறை லீக் என்றுதான் பெயர். எங்களுக்குத் தந்தது ஆளுக்கு ஒரு சோடிச் சப்பாத்து மட்டும்."

"பதினொரு வருஷமாக என்னோடு பேசுகிறீர்கள். ஒரு நாளாவது இதைச் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ஃபைலைத் தவிர வேறெதையும் கேட்கவில்லையே."

எனக்குச் சுருக்கென்றது. பதக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். பிள்ளைகள் சின்ன வயதில் அதை வைத்துக் கடை விளையாடித் தொலைத்துவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதும் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். கோபமெல்லாம் எனக்குத்தான் வந்தது.

அவள் தன் தோழிகளின் இப்போதைய குடும்பப் பெயர்களை ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தாள். மாநில நூலகத்தின் பழைய பத்திரிகைகளில், வென்ற ஆட்டத்தில் விளையாடியவர்களின் பட்டியல் கிடைத்தது. அதையும் படத்தின் பின்பக்கத்துப் பெயர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தில் எட்டுப் பேர் இரண்டிலும் இருந்தார்கள். ஒரே நோயாளி இரண்டு பெயரில் இரண்டு ஃபைல் வைத்திருந்தால் அவற்றைச் சேர்ப்பதுதான் என் தினசரி வேலை. இதுவும் அதுதான்.

இரண்டு பட்டியலையும் கழகக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். தலைவர் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, "பலகை காய்ந்துவிட்டதே."

"காய்ந்தால் என்ன? அதில் எழுதியிருப்பது தோற்ற வருஷம்."

"எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அங்கே இருந்தேன்."

"கடைசிப் பந்தை எறிந்தவள் எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது."

அவர், சரி, தோற்றதாகவே இருக்கட்டும், ஆனால் மற்ற வருஷம் வேறு பெயரில் வென்றது, அதை எப்படி நம்முடையது என்று எழுதுவது என்றார்.

அதற்காகத்தான் நான் ஆண்களின் பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் முதல் இரண்டு வரியும் கழகம் வேறு பெயரில் இருந்த காலத்தில் வென்றவை. கைபேசியை மேசையின் நடுவில் வைத்தேன். "இந்த இரண்டையும் அழியுங்கள். பிறகு பெண்களுடையதை நான் கேட்கமாட்டேன்."

பெற்றோர் ஒருவர் இருமினார். கடைசியில் கையுயர்த்தச் சொன்னார்கள். ஐந்து கை எழும்பியது. ஆறாவதாகத் தலைவரின் கையும் எழும்பியதைப் பார்த்தேன். வெளியே வரும்போது அவர் என் பக்கத்தில் வந்து, "நான் அன்று மிகவும் கத்தினேன். வென்றதாகத்தான் நினைத்திருக்கிறேன்," என்று மெல்லச் சொன்னார். அவர்மேல் கோபப்படுவதா பாவப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

பலகையைத் திருத்தியவர் பழைய வரிக்கு மேலே மண்ணிறம் பூசி, புது வரியை எழுதினார். உற்றுப் பார்த்தால் பழைய வருஷம் அடியில் தெரியும். ஆண்களின் பலகை முன்வாசலுக்கு மேலே போனது. பெண்களுடையது கழிப்பறைக்குப் போகிற நடையில், குளிர்பான இயந்திரத்துக்கு மேலே. இடமில்லையாம். அந்தச் சண்டையை அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறேன்.

திறந்து வைக்க ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி என்று குறித்தோம். ஆஸ்பத்திரியில் முறை வேலை இருப்பதால் வருவது சந்தேகம் என்று பிளாஸ்ரர்காரி சொல்லியிருந்தாள். பத்தே முக்காலுக்கு அவளும் இன்னும் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். ஒருத்தி காலை விமானத்தில் மெல்பேர்னிலிருந்து வந்திருந்தாள். ஒருத்தி ஊன்றுகோலோடு. ஏழு பேரும் உயரம். நடையில் வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தபோது அந்த இடம் முழுக்க அடைபட்டுவிட்டது. தலைவர் பேசத் தொடங்கி, சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

பலகைக்கு அடியில் ஒட்ட, வென்ற அணியின் பெயர்களைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பத்தாவது பெயர் பத்திரிகையில் சரியாக அச்சாகியிருக்கவில்லை. "இது ஆர்?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன். அது அமெரிக்காவிலிருந்து ஒரு பருவத்துக்கு வந்த பெண் என்றாள் ஒருத்தி. இல்லை, அவள் அரையிறுதியோடு போய்விட்டாள் என்றாள் ஊன்றுகோல்காரி. மெல்பேர்ன்காரி மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னாள். கையில் வெற்றிக் கிண்ணம் வாங்கிய ஏழு பேர், தங்களோடு யார் நின்றது என்று கழிப்பறை வாசலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தங்கள் ஆட்டத்துக்காகப் பந்துகளோடு பின்னால் வந்து நின்றார்கள். இளம் நடுவர் ஒருத்தி விசிலை ஊதி, "வழி விடுங்கள், ஆட்டம் தொடங்கப் போகிறது" என்றாள். சம்பியன்கள் சுவரோடு ஒதுங்கினார்கள், ஆனால் வாதத்தை நிறுத்தவில்லை. நான் நடுவரிடம், "இரண்டு நிமிடம் பொறு. இவர்கள் யாரென்று தெரியுமா?" என்றேன். தெரியாது என்றாள். பலகையைக் காட்டினேன். வாசித்தாள், அவர்களைப் பார்த்தாள். விசிலைக் கையில் பிடித்தபடி முழுசாக இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு பிள்ளைகளை உள்ளே விட்டாள்.

மூன்று பெயரையும் எழுதிக்கொண்டு, ஏழு பேரையும் ஹரிஸ் பார்க்கில் ஒரு தோசைக் கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். என்னோடு எட்டுப் பேருக்குச் சேர்ந்து இருக்க மேசை கிடைக்க அரை மணித்தியாலம் ஆனது. தோசை வந்த பிறகும் பத்தாவது ஆள் யாரென்று முடிவாகவில்லை. அப்போது கணவர் கூப்பிட்டார்.

"எங்க நிக்கிறீர்? பிள்ளை மட்ச் முடிஞ்சு வந்திட்டாள்."

"ஹரிஸ் பார்க்கில. சம்பியன்களோட."

"அப்ப எங்களுக்குச் சாப்பாடு?"

"குசினிக்குள்ள சோறு இருக்கு. கறியை எடுத்துச் சூடாக்குங்கோ. எனக்கு இங்க இன்னும் ஒரு ஆளைக் கண்டுபிடிக்க இருக்கு."