மான் வேட்டைக்கு ஒத்திகை, வத்திராயிருப்பில் தொலைந்த நாய்

கேரளாவுக்கு மான் வேட்டைக்குப் போவதென்று நானும் செல்வமும் முடிவு செய்தது போன ஆடி மாதம், இராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில். நான் பாலிடெக்னிக்கை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, எங்காவது போக வேண்டும், அவ்வளவுதான் காரணம். செல்வம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில் நாய் வளர்த்துக் குட்டி விற்கிறார்கள். எல்லாம் எங்கள் ஊர் ஜாதி நாய், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. என் வீராவும் அங்கே பிறந்த குட்டிதான். எனக்குச் சும்மா கொடுத்தான். பெரிய மனசு என்று நினைத்தேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு திட்டம் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள். மான் வேட்டை இங்கே குற்றம், கேரளாவிலும் அதே குற்றம். எங்களுக்கு அது தெரியும். "எங்க மாமா அங்க ரப்பர் எஸ்டேட்லதான் இருக்காரு, அங்கன யாருலே கேக்கப் போறா?" என்றான் செல்வம். துப்பாக்கி கிடையாது, நாய்தான் எல்லாம். ரயிலில் நாயை ஏற்றுவது தலைவலி, அதனால் பைக். செங்கோட்டை வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம், அப்புறம் மலைப்பாதை. காலை நாலுக்குக் கிளம்பினால் எட்டுக்கு எஸ்டேட்.

ஒரே ஒரு சிக்கல். வீரா கூப்பிட்டால் வராது. பதினாறு மாத நாய், பதினான்கு மாதமாக என்னிடம் இருக்கிறது, விசிலடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. திமிர் என்று நினைத்து, பக்கத்தில் போய் இரண்டு போடுவேன். சில நாள் பெல்ட்டால். "ஒரு தடவ வெளிய ஓட விட்டா சரியாயிரும்லே" என்றான் செல்வம். அப்படித்தான் வத்திராயிருப்புக்கு ஒத்திகை போனோம்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பைக் செல்வத்துடையது, பெட்ரோல் இருநூறு ரூபாய், நடுவில் வீரா. ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஒரு டீ. பிறகு வத்திராயிருப்பு தாண்டி பிளவக்கல் அணை ரோட்டில் திரும்பியபோது மணி ஏழு பத்து. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் அறுத்துப்போட்ட வயல், பின்னால் மலை. காட்டுக்குள் போகவில்லை. போயிருந்தால் வனத்துறையிடம் மாட்டி அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

ஏழு இருபத்தைந்துக்குச் சங்கிலியைக் கழற்றினேன். அறுத்த நெல் தாளுக்குள்ளிருந்து ஒரு முயல் எழுந்து ஓடியது. வீரா போன வேகம் இருக்கிறதே! அந்த நாள் முழுக்க நான் பார்த்த நல்ல விஷயம் அது ஒன்றுதான். பத்து வினாடியில் ஆளைக் காணோம். பத்து மணி வரைக்கும் கத்தினோம். என் தொண்டை கட்டிவிட்டது.

வரப்போரம் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும்.

"ஏலே, எம்புட்டு நேரமா கத்துதிய? வெள்ள நாயா? அது செவிட்டு நாயில்லா!"

"யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? கால்வாய்ப் பக்கம் நடுரோட்டுல நின்னுச்சு. பின்னால ஒட்டி நிறுத்தி ஹாரன் அடிக்கேன், காதக்கூட ஆட்டல. எம் பொண்டாட்டியும் அப்படித்தான். ஆனா அவளுக்குக் காது கேக்கும்."

நான் சிரித்துவிட்டேன். செல்வம் சிரிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"ஒனக்குத் தெரியுமாலே?"

"வெள்ளையில அப்படி ஒண்ணு ரெண்டு பொறக்கும்லே. அத யாரு காசு குடுத்து வாங்குவா? அதான் ஒனக்குக் குடுத்தேன்."

"பொறவு ஏம்ல இத வேட்டைக்குக் கூட்டிட்டு வரச் சொன்ன?"

"வெரட்டுறதுக்குக் கண்ணு போதும்ல. எங்க வீட்டு நாயக் கூட்டிட்டு வந்து தொலஞ்சா எங்கய்யா என்னைய வெட்டிருவாரு."

பதினான்கு மாதம் நான் அடித்ததில் பாதி அடி இவன் கண் முன்னால் விழுந்தது. ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை.

கால்வாய்ப் பக்கம் போய்ப் பார்த்தோம், அங்கே நாய் இல்லை. பதினொன்றரைக்கு, "எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டு. நீ தேடிட்டு பஸ்ல வந்துரு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

வெயிலில் தனியாக நடந்தேன். இந்தத் தடவை கத்தவில்லை. கிணறு கிணறாக எட்டிப் பார்த்தேன். காது கேட்காத நாய் எதில் வேண்டுமானாலும் விழலாம், எந்த லாரியிலும் அடிபடலாம். நாலு மணிக்குக் கால்வாய்க் கரையில், தென்னை நிழலில், ஒரு வெள்ளை முதுகு தெரிந்தது. ஓடினேன். அதுவும் என்னைப் பார்த்தது. பார்த்ததும் வாலை இடுக்கிக்கொண்டு, வயிறு மண்ணில் படப் படுத்து, அப்படியே மூத்திரம் போனது. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தது.

நான் கூப்பிட்டது எதுவுமே அதற்குத் தெரியாது. நான் வருவேன், வந்தால் அடிப்பேன். என்னைப் பற்றி அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நாயோடு திரும்புகிறவர்களுக்கு: டவுன் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தேங்காய் ஏற்றிய மினி லாரிக்கு நூறு, அங்கிருந்து ஆட்டோவுக்கு முந்நூற்றைம்பது ஆனது. தண்ணீரும் ஒரு கிண்ணமும் எடுத்துப் போங்கள். வேட்டைக்கு மட்டும் போகாதீர்கள். வெள்ளைக் குட்டியை யாராவது இனாமாகக் கொடுத்தால், அது தூங்கும்போது பின்னால் எட்ட நின்று ஒரு தட்டைக் கையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். எழுந்திருக்கவில்லை என்றால் தரையைக் காலால் தட்டிக் கூப்பிடப் பழகுங்கள். அதிர்வு தெரிந்தால் வரும். வீரா இப்போது வருகிறது.

ஆனால் நான் தலை சீவக் கையைத் தூக்கினால், இன்றைக்கும் தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறது.