வளர்ற பொண்ணுக்கு வாங்கிய கிளவ்

கராஜில் பழைய பெட்டியைத் திறந்ததும் தோலும் நல்லெண்ணெயும் கலந்த வாடை. என் பேஸ்பால் கிளவ். காப்பெல் ஊரில் இருந்தபோது, எனக்குப் பத்து வயதானதும் அம்மா வாங்கியது.

"வளர்ற பொண்ணு, ரெண்டு சைஸ் பெருசாவே இருக்கட்டும்" என்றாள். தோல் இளக நல்லெண்ணெய் தடவித் தந்தாள்.

டீமுக்கு ஆள் எடுத்த அன்று, பிட்ச் பண்ண உயரம் போதாது என்றார் கோச். நான் பந்து வீசும் மேட்டைவிட்டு இறங்கவில்லை.

"ஒரே ஒரு பேட்டர், கோச்."

வந்தவன் என்னைப் போல் இரண்டு மடங்கு இருந்தான். என் கையை முழங்கைவரை விழுங்கிய கிளவுக்குள் நான் பந்தைப் பிடித்த விதம் அவனுக்குத் தெரியவில்லை. வேகப் பந்தென்று மட்டையைச் சுழற்றினான். மட்டை சுழன்று முடிந்த பிறகு பந்து சாவகாசமாக வந்தது. அந்த சீசன் முழுக்க நான்தான் பிட்சர்.

இப்போது கையை விட்டுப் பார்த்தேன். இன்னும் தொளதொளவென்றுதான் இருக்கிறது. மகளுக்கு நாளை டீமில் சேர ட்ரையவுட். அவளும் குட்டிதான். சரியான சைஸில் கிளவ் வாங்கித் தருவதாக இல்லை.