இசக்கியைச் சொல்லாமல் என் சாட்சி இல்லை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, போன ஐப்பசி மழையில் என் வலது கால் அழுக ஆரம்பித்தது. அப்போது எனக்கு வீடு கிடையாது. புருஷன் செத்த பிறகு கொழுந்தன் வீட்டில் இருந்தேன். சோற்றுக்கு ஒரு ஆள் அதிகம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுப் படித்துறை மண்டபத்தில் படுத்துக்கொண்டேன். நான் சர்க்கரை வியாதிக்காரி. கல் குத்திய சின்னப் புண் உள்ளங்கால் முழுவதும் பரவிவிட்டது.

நாற்றம் தெரிந்தால் மண்டபத்திலிருந்தும் விரட்டுவார்கள். துணியைச் சுற்றி, மேலே பவுடரைக் கொட்டி மறைத்தேன். சோற்றுப் பொட்டலம் தர வந்தவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். ஒருமுறை போனேன். காலைப் பார்த்ததும், "பெட்ல சேக்கணும், கூட ஆள் யாரும்மா?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "வெளிய நிக்காவ" என்று பொய் சொல்லிவிட்டு, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

அன்று ஆற்றங்கரையில் நான் செய்தது ஜெபமா? சண்டை. "காலை எடுக்கிறதானால் ஆளையே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் ஒரு ஆளை அனுப்பும். சும்மா மேலே இருந்து பார்த்துக்கொண்டிராதேயும்!" சத்தம் போட்டே கேட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மறுநாள் காலையில் இசக்கி வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், வாய் நிறைய வெற்றிலை. முன்பு தெருவில் கிடந்தவர்களே இப்போது தெருவில் கிடப்பவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஒரு குழு இருக்கிறது. அதில் ஒருத்தி அவள். காலைப் பற்றி அவள் முதலில் கேட்கவே இல்லை.

"எக்கா, பைய யாருட்ட விட்டுட்டுப் போகன்னுதான யோசிக்கிய? நானும் இங்கன கிடந்தவதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பைபிள், புருஷன் போட்டோ, ஒரு மாற்றுச் சேலை, எல்லாம் அந்தப் பையில்தான். போட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது இருக்காது. அதை ஒருவரும் கேட்டதில்லை. இசக்கி பையைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடைக்காரரிடம் கொடுத்தாள். "அண்ணாச்சி, இது தொலைஞ்சுதுன்னா ஒங்க கடை முன்னாடிதான் எனக்குப் படுக்கை. பாத்துக்கிடுங்க."

ஆஸ்பத்திரியில் அதே கேள்வி வந்தது. நான் தலையைக் குனிந்தேன். இசக்கி முன்னால் போய் நின்றாள்.

"நாந்தான் கூட."

"நீங்க என்ன சொந்தம்?"

"ஒரே படித்துறையில படுத்தவ. வேற என்ன சொந்தம் வேணும்? எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள், கால் தப்பியது. வலி தாங்காமல் நான் ஆண்டவரைத் திட்டினால், கட்டிலுக்குக் கீழே பாயில் படுத்திருந்த இசக்கி எழுந்து வருவாள். "ஒங்க சாமிய எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. கஞ்சிய மட்டும் குடிச்சிருங்க."

இப்போது ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறேன். மேலப்பாளையத்தில் சின்ன அறை இருக்கிறது. புண்ணோடு கிடப்பவர்களைக் கண்டால் இசக்கியோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். கட்டிலுக்குக் கீழே படுப்பது இப்போது என் முறை.

சபையில் சிலர், "ஆண்டவர் செஞ்சத மட்டும் சொல்லுங்க, அந்தப் பொம்பள பேரு வேண்டாம்" என்றார்கள். பேரையும் சொல்லுவேன். நான் ஆள் கேட்டேன், அவர் அனுப்பினார். வந்த ஆளை மறைத்துவிட்டு அனுப்பினவருக்கு என்ன மகிமை செலுத்துவது? நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே கேளுங்கள், அவர் தாங்குவார். ஆனால் வருகிற ஆள் நம் சபையிலிருந்துதான் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சட்டம் போடாதீர்கள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் இசக்கி. நான் கூப்பிட்டுத்தான் வந்தாள். ஆராதனை முடிந்ததும் ஒருவரும் அவளைத் தாண்டிப் போகாதீர்கள்.