தொடாத காலில் "குத்துது" என்றேன்

சவூதியில், யான்புவில் வெல்டராக இருக்கிறேன். நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதமாகக் குதிகால் வலி. மிஷினில் கரண்ட் வைத்தால் போய்விடும் என்று ரூமில் கூட இருக்கும் முருகேசன் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். பிசியோதெரபி செய்யும் பெண் நாகர்கோவில்காரர். "சுகர் உண்டா அண்ணா?" என்றார். உண்டு. ஆனால் கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவை கேன்சல் செய்துவிடுவார்கள் என்ற பயத்தில் இல்லை என்றேன்.

கண்ணை மூடச் சொன்னார். ஊசியால் தொட்டால் "குத்துது", பஞ்சால் தொட்டால் "மெத்துனு இருக்கு" என்று சொல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. குத்துமதிப்பாக "குத்துது" என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லையே அண்ணா!"

முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மிஷினைப் போடும்மா, டூட்டிக்குப் போகணும்" என்று கத்தினேன்.

அவர் அசையவில்லை. ஊசியால் நாலைந்து இடத்தில் நிஜமாகவே தொட்டுக் காட்டினார்; எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. "உள்ளே வலிச்சாலும் மேலே மரத்துப்போன கால்ல கரண்டோ அல்ட்ராசவுண்ட் சூடோ வச்சா, சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. புண்ணாகி காலை எடுத்துட்டா மட்டும் கம்பெனி வச்சுக்குமா?"

உண்மையைச் சொன்னேன். மிஷினைத் தொடாமல் பயிற்சி சொல்லிக் கொடுத்தார், டாக்டரிடமும் அனுப்பினார். இன்று வலி குறைந்திருக்கிறது, சுகர் கட்டுக்குள் இருக்கிறது, வேலையும் போகவில்லை.

இப்போதெல்லாம் எங்கே போனாலும், கேட்பதற்கு முன்பே சுகர் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் மிஷினைத் தூக்கி வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.