கொடிக்கம்பியை விழுங்கிய மரம்

நேற்று மழைக்கு ஒதுங்கிய பொன்சாய் கடையில், ஒரு தட்டைத் தொட்டிக்குள் எங்கள் காகிதப்பூ மரம் இடுப்பளவுக்குக் குறுகி நின்றது. அடிமரத்தைச் சுற்றியிருந்த பள்ளத்தையும் அதற்குள் புதைந்த துருப்பிடித்த கம்பியையும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அது அம்மா கட்டிய கொடிக்கம்பி. தாகேதா பேட்டையில் நான்கு குடும்பங்கள் வாடகைக்கு இருந்த அந்த வீட்டில், கம்பியை மரத்தடியில் முடிந்து கவைக்கம்பால் உயர்த்தியிருப்பாள். விடிந்ததும் கைலிகளும் எங்கள் பச்சைப் பள்ளிச் சீருடைகளும் அதில் சொட்டும், சோப்பு வாசனை வாசல்வரை வரும், காற்றடித்தால் துணி முள்ளில் மாட்டிக் கிழியும், அம்மா மரத்தையே திட்டுவாள்.

வீட்டுக்காரர் வீட்டை விற்றார். பொன்சாய்க்குப் பழைய மரம் தேடி வந்தவர்கள் இரண்டு நாள் பொறுமையாகத் தோண்டி, வேருக்கு ஈரச்சாக்கு சுற்றி, கைக்குழந்தைபோல் தூக்கிப் போனார்கள். வீட்டை வாங்கியவரின் ஆட்கள் எங்கள் சட்டிபானைகளை அரை மணி நேரத்தில் தெருவில் எறிந்தார்கள்.

"இந்தத் தழும்பைப் பாருங்கக்கா, நானே கம்பி கட்டி அஞ்சு வருஷத்துல உண்டாக்கினது," என்றார் கடைக்காரர் கோ முத்து.

"பொய் சொல்லாதே தம்பி. அது எங்கம்மா கட்டின கம்பி."

அவர் சிரித்தார். "அப்போ நீங்களே வாங்கிக்கங்க."

எங்கள் மரத்தை நான் ஏன் வாங்க வேண்டும்? தலையில் போட்டிருந்த ஈரத்துண்டைப் பிழிந்து, உதறி, அந்த மரத்தின்மேல் காயப்போட்டேன்.

"ஐயோ அக்கா, பூ உதிரும்!"

"அப்பவும் உதிர்ந்துச்சு," என்றேன். மழை விடும்வரை துண்டை எடுக்கவில்லை.