நான் கையெழுத்து வாங்கிய எல்லை

அன்று கனடாவில், என் குசினியில், அடுப்படி மேசையைச் சுற்றி நான்கு பேர் இருந்தோம்: நான், மேல்வீட்டு அண்ணை, அவருடைய மனைவி, எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை செய்த தமிழர் ஒருவர். என் மனைவி கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், விசாவுக்காக இரண்டாவது வருடமாகக் காத்திருந்தாள். அவளுடைய பைலுக்காகக் கனடியத் தூதரகத்துக்கு ஃபாக்ஸில் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்தவர் இந்த அலுவலகக்காரர்தான். அவர் முகம் சற்றுச் சுருங்கினாலும் அவள் வரவு தள்ளிப்போகுமோ என்று நினைப்பேன்.

அவர் ஒரு மனுவை மேசையில் வைத்தார். தேர்தல் தொகுதிகளின் எல்லைகளை மாற்றப் போகிறார்களாம். எங்கள் நாலு தெருத் தமிழர்களையும் பிரிக்காமல் ஒரே தொகுதியில் வையுங்கள் என்று கேட்கும் மனு.

"நல்ல விசயம்தானே," என்றேன்.

"ஒரே தொகுதி சரி. எந்தத் தொகுதி?" என்று கேட்டார் அண்ணை. முந்தின தேர்தலில் எங்கள் தெருக்களின் வாக்குகளை எதிர்க்கட்சிக்குத் திருப்பியவர் அவர். அந்த முறை எம்.பி. மயிரிழையில்தான் தப்பினார்.

"அதெல்லாம் கடைசித் தாளில கிடக்கு, அண்ணை. பேந்து ஆறுதலாப் பாருங்கோ," என்றார் அலுவலகக்காரர்.

"பேந்து பாக்க அதென்ன கலியாண அல்பமே? இப்ப விரியுமன்."

மேசைக்குக் கீழே அண்ணையின் காலை மிதித்தேன். அவர் மனைவி கண்டுவிட்டார். "பெடியன்ர மனிசி அங்க கிடந்து காயுது. வாயைப் பொத்துங்கோப்பா."

அண்ணை பொத்திக்கொண்டார். எனக்காகக் கையெழுத்தும் போட்டார்.

அடுத்த ஞாயிறு கோயிலில் பூசை முடிந்து வந்தவர்களிடம் நானே தாளை நீட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தும் ஒருவரும் வாசிக்கவில்லை. "நீ சொன்னா சரிதானே, தம்பி," என்று போட்டார்கள். கடைசித் தாளை நானும் விரிக்கவில்லை. விரித்தால் ஏதாவது தெரிந்துவிடும் என்ற பயம்தான்.

கடைசித் தாளில் கேட்டிருந்தபடியே நடந்தது. நாலு தெருவும் பிரியாமல், ரயில் பாதைக்கு அப்பாலுள்ள தொகுதியில் போய் விழுந்தது. அங்கே எந்நாளும் ஒரே கட்சிதான் பெருவெற்றி பெறும். எங்கள் வாக்கு விழுந்தாலும் ஒன்றுதான், விழாவிட்டாலும் ஒன்றுதான். அடுத்த தேர்தலில் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று போட்டும் ஒன்றும் அசையவில்லை. பழைய எம்.பி. எங்கள் தொல்லை இல்லாமல் இலகுவாக வென்றார்.

தேர்தல் முடிந்து இரண்டு கிழமையில் மனைவியின் பைல் தபாலில் திரும்பி வந்தது. போன் எடுத்தேன்.

"நீங்கள் இப்ப எங்கட தொகுதி இல்லை, தம்பி," என்றார் அலுவலகக்காரர்.

"நீங்கள்தானே கையெழுத்து வாங்கச் சொன்னீங்கள்?"

"சொன்னன். வாங்கினது நீங்கள்தானே."

புதிய எம்.பி.யின் அலுவலகத்தில் ஒரு பெண் பிரெஞ்சில் இரண்டு தரம் விளங்கப்படுத்தினாள்: எல்லாம் முதலிலிருந்து. மாதங்கள் போயும் பதில் வரவில்லை.

அண்ணை என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். "விடு, நானும்தானே போட்டன்," என்று டவுன்டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் கூட்டிப்போனார். தூதரகத்துக்குக் கடிதம் எழுத ஆயிரம் டொலர். முழுவதும் கட்டினால்தான் அனுப்புவாராம். உணவகத்தில் கோப்பை கழுவும் சம்பளத்தில் கிழமைக்குக் கொஞ்சமாகக் கட்டிவருகிறேன்.

"கடிதம் போட்டாச்சோ?" என்று நேற்றும் மனைவி போனில் கேட்டாள்.

"ஓம், போடப் போகினம்," என்றேன். இன்னும் அறுநூற்றைம்பது டொலர் கட்ட வேண்டும்.